துருத்தியைத் தேடிய இடது கைகள்

பியானோ சொல்லிக்கொடுப்பது விரல் சம்பந்தப்பட்ட தொழில் என்று நினைப்பவர்கள் இதுவரை யாருக்கும் சொல்லிக்கொடுக்காதவர்கள். அது பழக்கம் சம்பந்தப்பட்ட தொழில். ஐந்து வயதுப் பிள்ளை வெறும் கையோடு வந்து உட்காரும். ஐம்பது வயதுக்காரர் அப்படி வரமாட்டார். முப்பது வருஷமாகத் தன் கைகள் என்ன வேலை செய்தனவோ, அந்த வேலையையும் கூடவே கூட்டிக்கொண்டு வருவார். பெரியவர்களுக்குத் தையலோ, சைக்கிளோ, இந்தியோ சொல்லிக்கொடுத்து அவதிப்பட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் நகர்ந்து எனக்கும் இடம் கொடுங்கள், நாமெல்லாம் ஒரே கட்சி.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புத் தொழிற்சாலையில் ஃபோர்மேன் வேலை கிடைத்தது. நான் மிஷன் விடுதியில் வளர்ந்தவள். அங்கேயே பியானோ படித்து, பரீட்சையெல்லாம் எழுதித் தேறியவள். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய பெரம்பூர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று விட்டுப்போன பழைய பியானோ, கம்பி ஏற்றிய லாரியில் கம்பிகளுக்கு மேல் உட்கார்ந்து எங்களோடு ஊருக்கு வந்து சேர்ந்தது. வாசலில் பலகை மாட்டினேன். பிள்ளைகள் வரிசை கட்டி நிற்கும் என்று பார்த்தால், பிள்ளைகளைக் கணக்கு டியூஷனில் தள்ளிவிட்டு அப்பா அம்மாக்கள் வந்தார்கள். எல்லோரும் ஏதோ ஓர் ஆசைக்கு வந்தவர்கள். ஒரே ஒருவர் மட்டும் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள வந்தார். இது பெரும்பாலும் அவர் கதை. மற்றவர்கள் நடுநடுவே வந்து போவார்கள்.

மூன்று மாதக் கெடு

மங்களம் டீச்சர் பொன்னேரியில் ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். வயது ஐம்பத்தைந்து. இருபத்தெட்டு வருஷமாக ஒரே ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு, தானே மெட்டுப் போட்ட இறைவணக்கப் பாட்டைத் தினமும் காலையில் பெண்களோடு சேர்ந்து பாடிக்கொண்டு நிம்மதியாக இருந்தவர். அந்த நிம்மதியில் ஒரு தொழிற்சாலை முதலாளி வந்து விழுந்தார். பள்ளிக்கு ஒரு பியானோவை அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். பள்ளிக் குழுவின் செயலாளர் மங்களம் டீச்சரைக் கூப்பிட்டு, ஆண்டு விழாவில் முதலாளி எதிரில் இறைவணக்கத்தைப் பியானோவில் வாசிக்க வேண்டும் என்றார். முடியாது என்றால், பியானோ தெரிந்த ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருக்கிறோம், பாட்டுக்கு இங்கே ஓர் இடம்தான் உண்டு என்றும் சொல்லிவிட்டார். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

இதையெல்லாம் அவர் அழாமல், யார் வீட்டுக் கதையோ சொல்வது போல் சொன்னார். வாசித்துக் காட்டச் சொன்னேன். வலது கை பிரமாதமாக ஓடியது. இடது கை பியானோவின் மேல்பலகைக்குப் பின்னால் போய், அங்கே இல்லாத துருத்தியைத் தேடித் தடவிக்கொண்டிருந்தது. ஆர்மோனியக்காரர்களுக்கு இடது கை காற்று போடுவதற்கு மட்டும்தான். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கை ஒரு சுரத்தைக்கூடத் தொட்டதில்லை. விழாவுக்கு மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதம் தாராளம், ரெண்டு கையையும் ஓட வைத்துவிடுகிறேன் என்று சொன்னேன். அந்த நாளில் எனக்கு எதற்குமே மூன்று மாதம் தாராளம். மங்களம் டீச்சர் சொன்னார்:

"நீங்க சொல்ற தைரியத்துல பாதி எனக்கு வந்தாப் போதும் டீச்சர், மீதியை நான் பயத்துல ஒப்பேத்திடுவேன்."

காற்று போடாத பெட்டி

துருத்தி வியாதி அவருக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். கவரைப்பேட்டை பக்கம் பத்து ஏக்கர் நஞ்சை வைத்திருந்த தணிகாசலம், ஊர்ப் பஜனைக் கோஷ்டிக்கு ஆர்மோனியம் வாசிப்பவர். மெட்ராஸில் இருக்கும் பேத்தி பியானோ படிக்கிறாள், தாத்தாவுக்குத் தெரியாது என்று கேலி செய்துவிட்டாள் என்பதற்காக என்னிடம் வந்தார். முதல் நாள் பியானோவை மூன்று முறை சுற்றி வந்தார். பின்பக்கத்துப் பலகையைத் தட்டிப் பார்த்தார். உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினார். சத்தம் வந்தது. விரலை எடுக்காமல் காத்திருந்தார். பியானோவில் சத்தம் தட்டியதும் வரும், பிறகு தானாகத் தேய்ந்துபோகும். அது தேயத் தேய, இவர் இடது கையால் மேல்பலகையைப் பிடித்து வேகவேகமாக ஆட்ட ஆரம்பித்தார். மேலே இருந்த என் பூச்சாடி நடனமாடியது.

உள்ளே சுத்தியல் இருக்கிறது, அது போய்க் கம்பியில் அடிக்கிறது, காற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மூடியைத் திறந்தே காட்டினேன். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பூச்சாடியை எடுத்து அலமாரியில் வைத்த பிறகு, பாடம் முடிந்து கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு சந்தேகம் கேட்டார்:

"நெல்லே கொட்டாம மிசின்ல அரிசி வந்து விழற மாரி கீது டீச்சரம்மா, அந்த அரிசிய எப்டி நம்பி உலையில போடறது?"

மணி அடிக்காத வரி

சகுந்தலா ஒரு தொழிற்சாலை ஆபீஸில் டைப்பிஸ்ட். நாற்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, மாலையில் வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்று என்னிடம் வந்தார். பத்து விரலும் தனித்தனியாக வேலை செய்யும், கையைப் பார்க்காமலே வாசிப்பார். இப்படி ஒரு மாணவி கிடைத்ததே என்று முதல் அரை மணி நேரம் பூரித்துப் போயிருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, டைப் கிளாஸில் எந்த விரலுக்கு எந்த எழுத்து என்று ஒருமுறை சொன்னால் சொன்னதுதான். இங்கேயும் சுண்டு விரலுக்கு எட்டாத கட்டை தனக்குச் சம்பந்தமில்லாதது என்று விட்டுவிட்டார். கையை நகர்த்துங்கள் என்றால், நகர்த்தினால் எல்லாம் தப்பாகிவிடுமே என்று என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

அதுகூடப் பரவாயில்லை. பாட்டுப் புத்தகத்தில் ஒரு வரி முடிந்ததும் அவருடைய இடது கை தானாக மேலே போய், டைப்ரைட்டரில் வரிக் கடைசி மணி அடித்ததும் உருளையைத் தள்ளுவது போல இடமிருந்து வலமாகக் காற்றில் ஒரு தள்ளு தள்ளும். வரிக்கு ஒரு தள்ளு. அந்தத் தள்ளில் இரண்டு தடவை புத்தகம் கீழே விழுந்தது, ஒரு தடவை என் மூக்குக் கண்ணாடி விழுந்தது. இது என்ன பழக்கம் என்று நான் கொஞ்சம் காட்டமாகவே கேட்டேன். அவர் கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்து என்னிடம் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"மணி அடிக்காம வரி முடிஞ்சிடுச்சுன்னா எனக்கு நம்பிக்கையே வர மாட்டேங்குது டீச்சர்."

மடியில் ஓர் ஆதி தாளம்

மங்களம் டீச்சர் பள்ளி விட்டதும் பொன்னேரியில் ரயிலேறி, ஆறு மணிக்கெல்லாம் என் வீட்டில் இருப்பார். ஒரு மாதத்தில் துருத்தி தேடுவதை நிறுத்திவிட்டார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். துருத்தியை விட்ட கை மடிக்குப் போனது. அங்கே உட்கார்ந்து ஆதி தாளம் போட ஆரம்பித்தது. ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று சுத்தமாக, ஒரு கணக்கும் பிசகாமல். நான் அந்தக் கையைப் பிடித்துக் கட்டைகளின் மேல் வைப்பேன். ஸ, ப என்று இரண்டு சுரம் வாசிக்கும். மூன்றாவது சுரத்துக்குள் மடிக்குத் திரும்பிவிடும். அதுபோக, சுரத்தைக் குழைக்கும் கமகம் வேண்டும் என்று கட்டையை அழுத்தியபடி விரலை இப்படியும் அப்படியும் அசைப்பார். என் பியானோ கமகத்துக்கெல்லாம் மசிகிற ஜாதி இல்லை, அது பாட்டுக்கு ஒரே சத்தத்தில் நிற்கும். வாய் வேறு சும்மா இருக்காது. பாடாமல் வாசிக்க அவருக்குத் தெரியாது, பாடினால் தாளம் போடாமல் இருக்க முடியாது.

ஐந்தாவது வாரம் முடிந்தபோது நான் பயந்துபோனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மூன்று மாதம் தாராளம் என்று வாய்விட்டுச் சொன்னவள் நான், வேலை போகப்போவது அவருக்கு. அன்றைக்கு அந்தக் கையை எத்தனை தடவை எடுத்து வைத்தேன் என்று கணக்கே இல்லை. கடைசியில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தி, இது உங்கள் கைதானே, உங்கள் பேச்சைக் கேட்காதா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மடியிலிருந்த கையை, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"வலது கைதான் என்னோடது டீச்சர், இது தாளத்தோடது."

என் வீட்டுக்காரர்

இத்தனையையும் தினமும் சமையலறையில் சாப்பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருவர் உண்டு. என் வீட்டுக்காரருக்குச் சங்கீதத்தில் எந்த ஈடுபாடும் இல்லை. பட்டறைச் சத்தத்தில் பாதிக் காதைத் தொலைத்தவர். ஆனால் அந்த இறைவணக்கத்தில் மங்களம் டீச்சர் எந்த இடத்தில் தடுக்குவார் என்று என்னைவிடச் சரியாக அவருக்குத் தெரியும். அந்த இடம் வரும்போது கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகாமல் காத்திருப்பார். தடுக்கியதும் சாப்பிடுவார். ஒருநாள் டீச்சர் ரயிலைத் தவறவிட்டு வராமல் இருந்துவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே கிடந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

"அந்தம்மா தப்பு பண்ணாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்குது ரூபி."

எடுபிடி வேலை

கோவிந்தன் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிப்பவர். படகுக் கயிறு சுற்றி வலது கையில் இரண்டு விரல் நசுங்கி, கட்டுப் பிரித்த பிறகு விறைத்துப் போய்விட்டன. விரலுக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்ன டாக்டர், பியானோ மாதிரி ஏதாவது என்று விளையாட்டாகச் சொல்லியிருக்கிறார். இவர் அதை மருந்துச் சீட்டு போல எடுத்துக்கொண்டு, பஸ்ஸும் ரயிலுமாக வந்து இறங்கினார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சுரம் தெரியாது, ராகம் தெரியாது. ஆனால் இரண்டு கைக்கும் இரண்டு வேலை என்று நான் சொன்ன முதல் நாளே இரண்டும் தனித்தனியாக ஓடின. கண் ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ இருந்தது. எப்படி என்று கேட்டேன். வலை பின்னும்போது வலது கை ஊசியில் முடிச்சுப் போடும், இடது கை குச்சியைப் பிடித்து ஒவ்வொரு வலைக்கண்ணுக்கும் அளவு வைக்கும், ஒன்றுக்காக இன்னொன்று நிற்காது, அது சின்ன வயதிலிருந்து அப்படித்தான் என்றார்.

அவருடைய முறைக்காகக் காத்திருக்கும்போது மங்களம் டீச்சரின் பாடத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்தாவது நாள், டீச்சர் ஸ்டேஷனுக்குக் கிளம்பிப் போன பிறகு, தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். படித்த நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு முன்னுரை வேறு. அப்புறம் சொன்னார்:

"பாட்டு பூரா சோத்துக் கைக்குக் குட்த்துட்டு, பீச்சாங் கைக்கு எடுபிடி வேலையே குட்த்துகினு கீறீங்க டீச்சரம்மா. அது இல்லன்னா பாட்டே இல்லன்னு இருந்தா, அது ஏன் மடியில போயி குந்திக்குது?"

மீன் வாடை படாத நூல்

பரீட்சையெல்லாம் எழுதித் தேறியவளுக்கு இது தோன்றவில்லை. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் இல்லை, நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் மறுநாள் பாடத்தைத் தலைகீழாக மாற்றினேன். இறைவணக்கம் முழுவதும், பல்லவியிலிருந்து கடைசி வரி வரை, இடது கைக்கு. பியானோவின் இடது பாதியில், ஒரு ஸ்தாயி கீழே. வலது கைக்கு வேலை கிடையாது, அது வேண்டுமானால் தாளம் போட்டுக்கொள்ளட்டும். இது வைத்தியம்தான், விழாவில் ரெண்டு கையும் வாசிக்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன். கோவிந்தன் தன் பங்குக்கு ஒரு வலை ஊசியும் குச்சியும் கொண்டுவந்தார். ரயிலில் வரும்போது பின்னிக்கொண்டே வந்தால் இடது கைக்குப் பொறுப்பு வரும் என்பது அவர் கட்சி. மங்களம் டீச்சர் சுத்த சைவம். முட்டை வைத்த அலமாரியைக்கூடத் தொடமாட்டார். ஊசியைத் தூரத்திலிருந்து பார்த்தார். வேலையை நினைத்தார் போலிருக்கிறது, நூல் மட்டும் கடையில் வாங்கிய புது நூலாக, ஏரிப் பக்கமே போகாததாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டு வாங்கிக்கொண்டார். பொன்னேரிப் பாசஞ்சரில் பாட்டு டீச்சர் வலை பின்னுகிறார் என்ற செய்தி பள்ளிக்கூடத்துக்கு அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது.

மூன்று வாரத்தில் இடது கை பாட்டைப் பிடித்துக்கொண்டது. முதலில் தடவித் தடவி, பிறகு நடையாக. ஒருநாள் அவரே கவனிக்காமல் கடைசி வரை வாசித்து முடித்தார். அப்புறம் இரண்டு கையையும் சேர்த்தோம். வலது கை பாட்டும் இடது கை அடிச்சுரமுமாக, விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தடுக்காமல் வந்தது. உள்ளே என் வீட்டுக்காரர் கவளத்தோடு காத்திருந்து ஏமாந்தார். சந்தோஷத்தில் நான் கோவிந்தனிடம் டீச்சர் பின்னிய வலையைக் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து, இழுத்து, புரட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"கண்ணு ஒண்ணு பெர்சாவும் ஒண்ணு சிறுசாவும் கீது, ஆனா ஒரு முடிச்சி அவுரல. மீனுக்குத்தான் பேஜாரு."

பளபளப்பு

ஆண்டு விழா அன்று நான் முன்னதாகவே பொன்னேரிக்குப் போய்விட்டேன். என் சிறந்த புடவையைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் பெண்ணின் தாயார் போவது போல் போனேன். மேடையில் பியானோ கண்ணாடி மாதிரி மின்னியது. முதலாளி வருகிறார் என்று செயலாளர் முந்தின நாள் மர வேலை செய்பவரை வரவழைத்து வார்னிஷ் அடிக்கச் சொல்லியிருக்கிறார். மூடியைத் திறந்தேன். மர வேலைக்காரர் மனசாட்சியுள்ளவர். வெளிப்பலகையோடு நிறுத்தாமல் கட்டைகளுக்கும் ஒரு பூச்சுப் பூசியிருந்தார். வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்திருக்கிறார். நடுவுக்கு வந்தபோது டப்பா காலியாகியிருக்கிறது. வலது பாதியில் ஒரு கட்டையை அழுத்தினால் மூன்று சேர்ந்து இறங்கின. இறங்கியவை ஏறவில்லை. இடது பாதி மட்டும் ஒழுங்காக இருந்தது.

வாசலில் கார் வந்துவிட்டது. மாலை போடுகிறார்கள். நாற்பது பெண்கள் ரிப்பன் கட்டிக்கொண்டு மேடையில் நின்றுவிட்டார்கள். மூன்றாவது வரிசையில் பட்டுத் தாவணியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், அவர்கள் பார்த்து வைத்திருந்த பெண் அவள்தான் என்று யாரோ சொன்னார்கள். பாட்டு முழுவதும் வலது கையில், வலது பாதியில் பழகியது. விழாவுக்குத் தயாரானது அதுதான். இடது பாதியில் கீழ் ஸ்தாயியில் இரண்டு கையையும் சேர்த்து வைத்துச் சமாளிக்க என்னால் முடியும், பதினைந்து வருஷப் பழக்கம். மங்களம் டீச்சர் மேடைக்கு வந்தார். ஒவ்வொரு கட்டையாக அழுத்திக் காட்டினேன். நான் வாசிக்கிறேன், உங்களுக்கு உடம்பு சரியில்லை என்று செயலாளரிடம் சொல்லிவிடலாம், நாளைக்கு வார்னிஷைச் சுரண்டிவிட்டு நீங்களே வாசித்துக் காட்டலாம் என்று அவர் காதில் சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஸ்டூலில் உட்காரப் போனேன். அவர் என் முழங்கையைப் பிடித்தார். பிடித்தது இடது கை.

"நீங்க கீழே போய் உக்காருங்க டீச்சர். இது என் வேலை."

வாய் மூடிய பாட்டு டீச்சர்

கீழே இறங்கினேன். வாழ்க்கையில் அத்தனை படி நான் இறங்கியதில்லை, இருந்தது நாலே படி. மங்களம் டீச்சர் ஸ்டூலை இடப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இடது கையைக் கட்டைகளின் மேல் வைத்தார். வலது கையை மேலே தூக்கி, நாற்பது பெண்களுக்கும் தெரிகிற மாதிரி தாளத்தை ஆரம்பித்தார். வைத்தியத்துக்காகச் செய்த பாடத்தை அப்படியே எடுத்து மேடையில் வைத்துவிட்டார். முதல் வரியில் ஒரு சுரம் தப்பியது. அவர் நிற்கவில்லை. இடது கை பாட்டைச் சொல்லிக்கொண்டே போனது, வலது கை பெண்களைப் பிடித்துக்கொண்டே போனது. ஒரு விஷயம் மட்டும் வினோதமாக இருந்தது. இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பள்ளியில் இறைவணக்கம் என்றால் முதலில் கேட்பது மங்களம் டீச்சரின் கணீர்க் குரல்தான். அன்றைக்கு இடது கையின் மேல் இருந்த கவனத்தில் அவர் வாயே திறக்கவில்லை. நான் அதைத் தவறு என்றுதான் நினைத்தேன். கடைசி வரியும் முடிந்து கை கீழே இறங்கியபோது நான் கைதட்ட மறந்து உட்கார்ந்திருந்தேன். முதலாளி எழுந்து நின்று தட்டினார்.

செயலாளர் நேராக மேடைக்கு வந்தார். வார்னிஷ் விஷயம் அவருக்குக் கடைசி வரை தெரியாது, நாங்களும் சொல்லவில்லை. பட்டுத் தாவணிப் பெண்ணின் பக்கம் திரும்பிப் பார்த்தார், முதலாளியின் முகத்தைப் பார்த்தார், பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஒத்தக் கையிலயே இத்தினி வாசிக்கிறாங்க, ரெண்டு கையும் போட்டா இன்னா ஆவறது, நமக்கு வேற ஆளு எதுக்கு?" என்று கேட்டார். மேடைக்குப் பின்னால் ரிப்பன் பெட்டிகளுக்கு நடுவே மங்களம் டீச்சர் உட்கார்ந்து அழுதார். மூன்று மாதத்தில் முதல் தடவை. நானும் அழுதேன், எனக்கு அது வழக்கமில்லை. வேலை நிலைத்துவிட்டது, இனி மூன்று வருஷத்துக்குக் கவலை இல்லை என்று சொல்லிச் சொல்லி அவர் முதுகைத் தடவினேன். அவர் அதற்காக அழவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இத்தனை வருஷமா கூடவே பாடிக்கிட்டிருந்தேனா, என் பொண்ணுங்க பாடி நான் கேட்டதே இல்ல டீச்சர். இவ்வளவு நல்லாப் பாடுவாங்களா?"

பன்னிரண்டு வருஷம் பெரியவர்களுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்ததில் பாதிப் பேர் நான் பக்கத்தில் இருந்ததால் வாசித்தார்கள், மீதிப் பேர் நான் எழுந்து போன பிறகுதான் வாசித்தார்கள், இரு சாராருக்கும் சேர்த்து நல்ல டீச்சர் என்ற பெயரை நான் வாங்கிக்கொண்டேன்.